மட்டை ஏன் வளைகிறது?

உச்சிவெயிலில் மொட்டை மாடியில் மகன் கிரிக்கெட் மட்டை வீசுவதைச் செல்பேசியில் படம் பிடித்த வாசகர் ஒருவர், அந்தப் படத்தையும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "பையன் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறான். மட்டை மட்டும் ரப்பர் மாதிரி வளைந்திருக்கிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி என்று போன் காட்டுகிறது. அவ்வளவு வேகத்திலும் ஏன் இப்படி?"

கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. லென்ஸ் ஒளியைக் குவிக்கிறது, சென்சாரில் உள்ள லட்சக்கணக்கான பிக்சல்கள் அதை மின்னூட்டமாக மாற்றுகின்றன. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததே. அந்த மின்னூட்டம் எப்படி வெளியே வருகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

12 மெகாபிக்சல் சென்சார் என்றால் சுமார் 4000 நெடுவரிசைகள், 3000 கிடைவரிசைகள். ஒரு நெடுவரிசையில் உள்ள பிக்சல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு கம்பித் தடம். ஒரே நேரத்தில் இரண்டு பிக்சல்கள் தங்கள் அளவைச் சொன்னால் தடத்தில் குழப்பம். அதனால் முதல் கிடைவரிசை மொத்தமாகத் தன் கணக்கை ஒப்படைக்கும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடைசி வரிசைக்கு முறை வர 1/50 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம் (போனுக்குப் போன் இது மாறும்). ஒவ்வொரு வரிசையும் ஒளி வாங்கத் தொடங்கும் நேரமும் அதே அளவு தள்ளித் தள்ளிப் போகிறது. ஜெராக்ஸ் கடையில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு நகரும்போது தாளை இழுத்துப் பாருங்கள், எழுத்தெல்லாம் சாய்ந்து வரும். போனுக்குள் நடப்பதும் அதுதான். இதை ரோலிங் ஷட்டர் என்கிறார்கள்.

ஆக, ஒரு படத்துக்குள் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. 1/2000 என்பது ஒரு வரிசை எவ்வளவு நேரம் ஒளி வாங்கியது என்ற கணக்கு. அது குறைவாக இருப்பதால் மட்டையின் விளிம்பு மங்காமல் கூர்மையாக இருக்கிறது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே போன நேரம் வேறு. அதை ஷட்டர் வேகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாசகரின் படத்தில் மட்டை, சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. கைப்பிடியைப் பதிந்து முடித்து நுனிக்கு வருவதற்குள் 1/150 நொடி போய்விடும். நுனி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசப்பட்டிருந்தால், அதற்குள் 13 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். கைப்பிடிப் பக்கம் மெதுவாகவும் நுனிப் பக்கம் வேகமாகவும் நகர்வதால் வெறும் சாய்வாக இல்லாமல் வளைவாகவே விழுகிறது. பொய்யான படம் இல்லை. பல கணங்களை ஒரே தாளில் அடுக்கிய படம்.

இது செல்பேசியோடு பிறந்த கோளாறும் அல்ல. 1910களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஷாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவில் படத்தட்டின் மேல் ஒரு மெல்லிய இடுக்கு நகர்ந்து போனது. கூடவே அவர் கேமராவைக் காரின் பின்னால் திருப்பிக்கொண்டும் இருந்தார்.

இன்றைய செல்பேசிச் சென்சாருக்கு வழி போட்டது 1990களில் எரிக் ஃபோசமும் அவர் குழுவினரும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் செய்த வேலை. விண்கலத்துக்குச் சின்னதாக, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் கேமரா வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு குட்டிப் பெருக்கியை (ஆம்ப்ளிஃபயர்) வைத்தார்கள். "ராக்கெட் விடுகிற காசில் ரோடு போடலாமே" என்று கேட்பவர்கள், அந்தக் கேள்வியையே செல்ஃபி வீடியோவாகத்தான் போடுகிறார்கள். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது நாளைக்கே பயன் கேட்காதீர்கள் என்பது என் கட்சி.

எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டரும் உண்டு. முழுச்சட்டக அளவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), லென்ஸ் மாற்றும் கேமராக்களில் அதோடு வந்த முதல் கேமரா என்று சோனி சொல்வது 2023இல் அறிவிக்கப்பட்ட அதன் ஏ9 III. ஆனால் முறை வரும்வரை மின்னூட்டத்தைப் பத்திரப்படுத்த ஒவ்வொரு பிக்சலிலும் கூடுதல் இடம் தேவை. போனின் நகத்தளவு சென்சாரில் அந்த இடம் கிடைப்பது கஷ்டம்.

கல்யாண வீட்டில் பக்கத்து ஆளின் ஃபிளாஷ் மின்னும் கணத்தில் நீங்கள் கிளிக் செய்தால், அப்போது ஒளி வாங்கிக்கொண்டிருந்த வரிசைகள் மட்டும் படத்தில் ஒரு பட்டையாக வெளுத்திருக்கும். இதைத் 'தெய்வ ஒளி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சாமி வந்திருந்தால் பட்டை இவ்வளவு நேர்கோட்டில் முடிந்திருக்காது.

உங்கள் போனின் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மலிவான சில எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. அப்படி ஒரு விளக்கு படும் வெள்ளைச் சுவரைச் சட்டகம் நிறைய வைத்து, புரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) ஷட்டரை 1/1000க்குக் கொண்டுபோய், படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றி எடுங்கள். சுவரில் கறுப்புப் பட்டைகள் விழும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு 1/100 நொடி. மொத்தச் சட்டகத்தில் இப்படி இரண்டு இடைவெளிகள் அடங்கினால் உங்கள் சென்சார் படித்து முடிக்க 1/50 நொடி எடுக்கிறது. பட்டையே வேண்டாம் என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் போதும். ஒவ்வொரு வரிசைக்கும் முழுச் சுற்று ஒளி கிடைத்துவிடும். அதே ஷட்டரில் மட்டையை எடுத்தால் அது மங்கிப்போகும், அதற்கு வெயில்தான் சரி.