டம்ளரைக் கையில் கொடுத்ததும் நின்றுபோன நடுக்கம்

ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், வயது அறுபத்தெட்டு, மனைவியோடு சேலத்தில் என் கிளினிக்குக்கு வந்திருந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மடியில் கிடந்த வலது கை ஆட ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ மாத்திரையை உருட்டுவது போல உரசிக்கொண்டே இருந்தன.

"காபி குடிச்சா நின்னுடுதுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. "டம்ளரைக் கையில குடுத்ததும் சட்டுனு நிக்குது. அதனால ஆடறப்பல்லாம் போட்டுக் குடுத்துடறேன்."

நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். எட்டு, சில நாள் ஒன்பது. ஒரு வருஷமாக இதுதான் வைத்தியம். அன்றும் பிளாஸ்கில் காபி கொண்டு வந்திருந்தார்கள். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கை நின்றது. அப்புறம் வெறும் டம்ளரைக் கொடுத்தேன். அப்போதும் நின்றது. மடியில் கையை வைத்ததும் திரும்ப ஆரம்பித்தது.

பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயில் வரும் நடுக்கத்தின் குணமே அதுதான். கை சும்மா இருக்கும்போது ஆடும், ஒரு வேலைக்கு எடுத்தால் அடங்கும் அல்லது குறையும். காபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. "நீங்க தப்பா எதுவும் பண்ணலைம்மா, பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்" என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

இதற்கு நேர் எதிராகவும் பலர் வருகிறார்கள். டம்ளரைத் தூக்கினால் டபராவில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்கும், வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகும்போது சிந்தும், மடியில் வைத்தால் கை அமைதியாக இருக்கும். பார்க்கின்சன் வந்துவிட்டது என்று பயந்து வருவார்கள். பெரும்பாலும் இது வேறு வகை நடுக்கம், குடும்பத்தில் அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ இருந்திருக்கும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆடும். இந்த வகை நடுக்கத்தைக் காபியும் டீயும் கூட்டிவிடக் கூடும்.

சரி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "காபி குடிக்கறவங்களுக்கு இந்த நோய் வராதுன்னு பேப்பர்ல படிச்சேனே. எனக்கு மட்டும் எப்படி?" 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்ததிலிருந்து காபியோடு வாழும் ஊர் அது. இவரும் சின்ன வயதிலிருந்து குடிப்பவர்.

பேப்பரில் வந்தது பொய்யில்லை. ஹவாய் தீவுகளில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரைச் சுமார் 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ல் வெளியானது. காபியே குடிக்காதவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 10 பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. மிக அதிகமாகக் குடித்தவர்களில் அது 2 பேர். மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய ஆய்வில் ஆண்களிடம் இதே போக்கு தெரிந்தது. பெண்களிடம் அளவாகக் குடித்தவர்களுக்குத்தான் ஆபத்து குறைவாக இருந்தது. காபி, டீயில் சுறுசுறுப்பு தரும் பொருளான காஃபினை நீக்கிய காபிக்கு அந்தத் தொடர்பே இல்லை. சிங்கப்பூரில் 63,000-க்கும் மேற்பட்ட சீனர்களிடம் நடந்த ஆய்வில், நாம் குடிக்கும் டீத்தூள் வகையான கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கும் ஆபத்து குறைவாக இருந்தது. கிரீன் டீயில் அப்படித் தெரியவில்லை.

காரணமும் ஓரளவு புரிகிறது. பார்க்கின்சனில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தை நடுமூளையில் சுரக்கும் செல்கள் அழிகின்றன. மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் டோபமைனின் வேலைக்கு பிரேக் போடுகிறது. காஃபின் அந்த பிரேக்கின் மேல் காலை வைக்க விடாமல் தடுக்கிறது.

ஆனால் அந்த எண்களில் எல்லாமே ஆபத்து குறைவு என்றுதான் சொல்கின்றன, வரவே வராது என்று எதுவும் சொல்லவில்லை. நிறையக் குடித்தவர்களிலும் 2 பேருக்கு வந்தது. என் பேஷன்ட் அப்படிப்பட்டவர்களில் ஒருவர்.

இன்னொரு விஷயம் அவர் பேச்சிலேயே வந்தது. மழை பெய்து பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம் மலையையே தூக்கும். "வாசம் கடைசியா எப்ப வந்தது?" என்று கேட்டேன். யோசித்தார். "நாலஞ்சு வருஷமா பூ பார்த்தேன், வாசம் வரலை. பூவே மாறிடுச்சோன்னு நினைச்சேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது.

நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வாசனை போவது இந்த நோயில் சகஜம். மலச்சிக்கலும், தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவதும் அப்படியே. இப்போது யோசித்துப் பாருங்கள். டிகாக்‌ஷன் வாசமே தெரியாதவருக்குக் காபி மேல் என்ன ஆசை இருக்கும்? நோய் உள்ளே ஆரம்பித்துவிட்டதால் சிலர் காபியைக் குறைத்திருக்கலாம். காபியைக் குறைத்ததால் நோய் வந்தது போல அது கணக்கில் தெரியும். இந்தச் சந்தேகத்தை எந்த ஆய்வும் முழுதாகத் தீர்க்கவில்லை. அதனால் காபி பிடிக்காத ஒருவரை இதற்காகக் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

நோய் வந்த பிறகு? கனடா மருத்துவர்கள் தலைமையில் பார்க்கின்சன் உள்ள 121 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்குக் காஃபின் 200 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள். நடை, நடுக்கம், விறைப்பு எதிலும் பலன் இல்லை என்று சோதனையைப் பாதியிலேயே முடித்தார்கள்; முடிவு 2017-ல் வெளியானது. ஆக எட்டு டம்ளரால் அவருக்குக் கிடைத்தது தூக்கம் கெட்டதும், ராத்திரி நாலு முறை பாத்ரூம் போனதும், ஒரு வருஷம் மாத்திரை இல்லாமல் போனதும்தான்.

மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கச் சொன்னேன், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் மாத்திரை மூளைக்குள் போகப் போட்டி போட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே போடக்கூடாது. காபி அதற்கப்புறம், மூன்று டம்ளர், மதியத்தோடு சரி. 2024-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நாளைக்குக் காஃபின் 300 மில்லிகிராமுக்குள் என்று இருக்கிறது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120, டீயில் 30 முதல் 65. சிக்கரியில் காஃபின் கிடையாது, ஆகவே சிக்கரி கலந்த தூளில் அந்த அளவுக்குக் குறையும்.

டீ நிறையக் குடிப்பவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒன்று உண்டு, கேஸ் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், காலையில் வெறும் வயிற்றில் டீ, அப்புறம் மணிக்கு ஒன்று. நெஞ்செரிச்சல். மெடிக்கலில் யாரோ சொன்ன கேஸ் கேப்சூலை ஏழெட்டு மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். கை மெதுவாகி, பற்றவைக்கும்போது கண்ணி நழுவுகிறது என்று வந்தார். பார்க்கின்சன் போலவே இருந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தால் லெவோசல்பிரைடு. அது டோபமைனைத் தடுக்கும் மருந்து. தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், புளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு எல்லாமே நாள்கணக்கில் போனால் இதைச் செய்யும், அதுவும் வயதானவர்களுக்கு. கேப்சூலை நிறுத்தி மூன்று மாதத்தில் அவர் பழையபடி கண்ணி கோக்கிறார்.

கை நடுங்குகிறது என்று எந்த டாக்டரிடம் போனாலும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேஸ் மாத்திரையையும் சேர்த்து. நாளைக்கு எத்தனை டம்ளர் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.