எட்டு நிமிடத்தில் எத்தனை பேர் வெளியே வர முடியும்?

கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் ஒரு காலத்தில் 80,000 பேர் நெருக்கியடித்து ஆட்டம் பார்த்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து அங்கே வந்தபோது அதே கட்டடத்தில் அனுமதித்தது சுமார் 29,000 பேரை. ரசிகர்களுக்குக் கடுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் குறைத்தது சரிதான்.

கேலரியின் கொள்ளளவு இருக்கையை எண்ணி வருவதில்லை. வெளியேறும் வழியை அளந்து வருகிறது. பிரிட்டனில் பின்பற்றும் கணக்கு இது: ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம், சமதளத்தில் 82 பேர் நடக்கலாம், எல்லாரும் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். அப்படியானால் ஒரு மீட்டர் படிக்கட்டு 528 பேருக்குத்தான் வழிவிடும். 80,000 பேருக்கு 150 மீட்டருக்கு மேல் படி அகலம் வேண்டும். 29,000 பேருக்கு 55 மீட்டர் போதும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, படிக்கட்டை மட்டும் அளந்துவிட்டுக் கீழே உள்ள கேட்டை மறப்பது. 3 மீட்டர் படி 2 மீட்டர் கேட்டில் போய் முடிந்தால் அது 2 மீட்டர் வழி. அந்தக் கேட்டில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தால் ஒரே மீட்டர். கலூரில் கேலரிக்கு அடியிலிருந்த கடைகளையும் போட்டி முடியும்வரை மூடச் சொன்னார்கள். கூட்டம் வெளியேறும் பாதைக்குப் பக்கத்தில் அடுப்பும் சரக்கும் இருந்தால் எட்டு நிமிடக் கணக்கு செல்லாது.

உள்ளே வரும் வழி இன்னும் சிக்கல். கேமரூனுக்கு ஒதுக்கியிருந்த 2019 ஆப்பிரிக்கக் கோப்பையை, வேலை முடியவில்லை என்று 2018 நவம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது எகிப்துக்குப் போனது. கேமரூனின் முறை 2022 ஜனவரியில் வந்தபோது தலைநகர் யாவுண்டேயில் 60,000 பேர் அமரும் ஒலெம்பே ஸ்டேடியம் புத்தம் புதிதாக நின்றது. ஜனவரி 24 அன்று கேமரூன் - கொமோரோஸ் ஆட்டத்துக்கு முன் தெற்கு வாசலில் நெரிசல். 8 பேர் இறந்தார்கள், 38 பேர் காயமடைந்தார்கள். திறந்திருக்க வேண்டிய கேட் மூடியிருந்ததாக ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரே சொன்னார். அங்கே நடக்கவிருந்த காலிறுதி வேறு ஸ்டேடியத்துக்குப் போனது.

ஒருவரைத் தடவிச் சோதித்து டிக்கெட்டை ஸ்கேன் செய்ய 10 விநாடி என்று வைத்தால், ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். 40,000 பேரை இரண்டு மணி நேரத்தில் உள்ளே விட 56 வரிசை தேவை. ஆனால் நம்மூர்க் கூட்டம் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வரும். அதனால் கேட்டுக்கு நூறு, இருநூறு மீட்டர் தள்ளியே முதல் தடுப்பை வைத்து, டிக்கெட் இல்லாதவர்களை அங்கேயே திருப்பிவிட வேண்டும். வரிசையின் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நசுங்குபவர் தெரியாது. "தள்ளாதீர்கள்" என்று கேட் அருகே கத்திப் பயனில்லை. பின்னாலிருந்து வருவதை நிறுத்துவதுதான் வழி.

தண்ணீருக்கு வருவோம். 2017 போட்டியின் முதல் நாளே தில்லியில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று புகார் எழுந்தது. 40,000 பேருக்குத் தலைக்கு ஒரு லிட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரி நான்கு போதும். அளவு பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. இடைவேளை 15 நிமிடம். ஒரு குழாயில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் குடித்தால் 150 பேர். கால்வாசிப் பேர் எழுந்து வந்தாலே 67 குழாய் வேண்டும். எண்ணிப் பாருங்கள், எந்த ஸ்டேடியத்தில் இருக்கிறது?

அதே போட்டியில் அக்டோபர் 21 அன்று குவாஹாட்டியில் மழையில் மாலி - கானா காலிறுதி நடந்து தரை சேதமானது. அங்கே 25-ம் தேதி நடக்கவிருந்த பிரேசில் - இங்கிலாந்து அரையிறுதியைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இரண்டே நாள் அவகாசத்தில் அங்குள்ள சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 63,881 பேர் வந்து பார்த்தார்கள். பெரிய போட்டியை நடத்த இந்தியா தயாரா என்று கேட்டவர்களுக்கு இரண்டு பதிலும் ஒரே ஆட்டத்தில் கிடைத்துவிட்டன.

தரை எங்கே கெடுகிறது? புல்லுக்குக் கீழே 30 செ.மீ. மணல், அதற்கடியில் 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே துளையிட்ட வடிகால் குழாய் என்பது நல்ல அமைப்பு. செலவை மிச்சம்பிடிக்க மணலில் ஊர் மண்ணைக் கலந்தால் வண்டல் இறங்கி வழியை அடைத்துவிடும். மேலே பச்சைப் பசேலென்று இருக்கும். முதல் கனமழையில் குளம். புதிய தரையில் மணிக்கு 15 செ.மீ. தண்ணீராவது இறங்க வேண்டும். ஒரு இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து, நீரூற்றி, ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மைதானத்தின் நடுவில் மட்டும் அளக்காமல், ஆட்டக்காரர்கள் அதிகம் மிதிக்கும் கோல் வாய்க்கு முன்னாலும் அளக்க வேண்டும்.

சோதனை ஆட்டம் என்று இரண்டாயிரம் பேரை உட்கார வைத்துக் கைதட்டிவிட்டுப் போவதால் ஒன்றும் தெரியாது. கேலரி நிரம்பியிருக்கும் ஒரு இரவு உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், கூட்டம் வெளியேறிய பிறகு, மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மெட்டல் ஹாலைடு என்ற பழைய வகைக் கோபுர விளக்கு ஒருமுறை அணைந்தால், சூடு ஆறி மறுபடி முழு வெளிச்சம் வர 10, 15 நிமிடம் பிடிக்கும். ஜெனரேட்டர் பத்தே விநாடியில் எடுத்தாலும் மைதானம் இருட்டுதான். எல்இடி என்றால் உடனே எரியும். பழைய விளக்கோடுதான் நடத்தப்போகிறீர்கள் என்றால், பாதிக் கோபுரங்களை ஆட்டம் தொடங்கும் முன்பிருந்தே ஜெனரேட்டரில் ஓடவிடுங்கள். டீசல் செலவு கூடும்.