டிஸ்பெர்சன்ட் – சிதறடிப்பான்

கடலில் கொட்டிய எண்ணெய்மேல் தெளிக்கும் மருந்துதான் டிஸ்பெர்சன்ட். லத்தீன் ‘டிஸ்பெர்கெரே’ இதன் வேர். ‘டிஸ்’ பல திசையாக. ‘ஸ்பார்கெரே’ இறைத்தல், தூவுதல்.

இதைக் ‘கரைப்பான்’ என்பது தவறு. எண்ணெய் நீரில் கரைவதில்லை. ‘சிதைப்பான்’ என்பது அதைவிட மோசம். மருந்து எண்ணெயை அழிப்பதாக நம்ப வைத்துவிடும். ‘சிதறி’ என்று சுருக்கினால் வாக்கியத்தில் வினையெச்சத்தோடு குழம்பும். ஆகவே ‘சிதறடிப்பான்’ என்பதே என் தேர்வு.

மலேசியாவில் ஜெராம், கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் களைக்கு மருந்து அடித்தவர்களுக்கு இதன் வேலை சட்டென்று பிடிபடும். மருந்து உருண்டு விழாமல் இலையில் பரவ ஒன்றைக் கலப்பார்களே, அந்த இனம்தான் இதுவும். மூலக்கூறின் ஒரு முனை நீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அலை அடிக்க அடிக்க எண்ணெய்ப் படலம் நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்கும். துளி சிறுத்தால் நுண்ணுயிர்கள் அதை விரைவாகத் தின்னலாம். கடற்பறவைகளுக்கும் பாக்காவ் (அலையாத்தி) காட்டுக்கும் ஆபத்து குறையும். தெளிப்பதன் நியாயம் அதுதான்.

ஆனால் மேலே மிதந்தது இப்போது மீன் முட்டையும் இறால் குஞ்சும் இருக்கும் நீருக்குள் போய்விட்டது. கெராங் என்னும் சிப்பி நீரை வடிகட்டித் தின்னும் உயிர். துளியும் சேர்ந்தே உள்ளே போகும். நம் கரைபோல ஆழமில்லாத சேற்றுக்கடலில் மருந்தும் எண்ணெயும் நீர்த்துப்போக இடமில்லை. அதனால்தான் இத்தகைய இடங்களில் பொதுவாக இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் பாறையில் தட்டியபோது ஏறத்தாழ 10,000 டன் மருந்து தெளித்தார்கள். அன்றைய மருந்து கடும் நஞ்சு. பாறையில் பாசி மேயும் நத்தைகள் கூட்டமாகச் செத்தன, மேய ஆளில்லாமல் பாசி மூடியது. மருந்து படாத பாறைகள் சில ஆண்டுகளில் தேறின. மருந்து அதிகம் பட்டவை தேற 10 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்றைய மருந்துகளில் நஞ்சு குறைவு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் கடலடி எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது கொட்டிய மருந்தோ ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர், அதில் ஒரு பகுதி அந்தக் கிணற்று வாயிலேயே.

‘மருந்து தெளித்து எண்ணெய் அகற்றப்பட்டது’ என்று எழுத வேண்டாம். ‘எண்ணெய் நீருக்குள் சிதறடிக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். கெராங் எடுப்பவர் எதைக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.