காலிகோ பூனை: சொல் விளக்கம்

வெண்மை, கருமை, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனித் திட்டுகளாக அமைந்த பூனையைக் காலிகோ என்பர். இது பூனையினத்தின் பெயரன்று. இன்ன இனம் என்று சொல்ல இயலாத தெருப்பூனைகளிலும் காணப்படும் நிற அமைப்பின் பெயர்.

சொல்லின் வேர் கேரளத்துக் கோழிக்கோட்டில் உள்ளது. தமிழர் கள்ளிக்கோட்டை என்றும் ஐரோப்பியர் காலிகட் என்றும் வழங்கிய அத்துறைமுகத்தின் பெயராலேயே இந்தியப் பருத்தித் துணி ஐரோப்பியச் சந்தையில் அறியப்பட்டது. உள்நாட்டு நெசவாளர் கலங்கும் அளவுக்கு அது விற்றதால், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டமியற்றி அதற்குத் தடை விதித்தது. பின்னாளில் சொற்பொருள் இரண்டாகப் பிரிந்து, இங்கிலாந்தில் வெளுக்காத வெற்றுத் துணியையும் அமெரிக்காவில் பல நிறங்களில் பூவேலை அச்சிட்ட துணியையும் குறித்தது. நம் பதிப்பாளர் சொல்லும் ‘காலிகோ பைண்டிங்’ முன்னதற்கு நெருக்கமானது. பூனைக்கு ஒட்டிக்கொண்டது அமெரிக்கப் பொருளே.

இத்திட்டுகள் தோன்றும் விதம் மரபியலில் புகழ்பெற்றது. செம்மஞ்சளைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) உள்ளது. (இலங்கைப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என்னும். இவ்விரு சொற்களிலும் உள்ள ‘நிறம்’ ஆய்வகச் சாயத்தை ஏற்கும் தன்மையைச் சுட்டுவதே; உரோம நிறத்தோடு அதற்குத் தொடர்பில்லை.) பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு; ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் ஒவ்வோர் உயிரணுவும் அவற்றுள் ஒன்றை முடக்கிவிடுகிறது. எது முடங்கும் என்பதற்கு விதியில்லை. ஆனால் அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதே முடக்கத்தைத் தொடர்கின்றன. எனவே தாயிடமிருந்து ஒரு நிறத்துக்கும் தந்தையிடமிருந்து மற்றொன்றுக்கும் உரிய எக்ஸைப் பெற்ற பெண் பூனையின் தோலில் ஓரிடத்தில் கருமையும் ஓரிடத்தில் செம்மஞ்சளும் அமைகின்றன. ஆங்கிலேய மரபியலாளர் மேரி லயன் இக்கருத்தை 1961இல் எலிகளைக் கொண்டு முன்வைத்தார். முடங்கிய எக்ஸின் உருவமோ 1949இலேயே பூனையின் நரம்பணுக்களில் காணப்பட்டிருந்தது. செம்மஞ்சளுக்குக் காரணம், ஏஆர்எச்கேப்36 என்னும் மரபணுவின் உள்ளே சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டமையே என்பதை ஜப்பானிய, அமெரிக்கக் குழுக்கள் 2025இல் வெளியிட்டன. வெண்மைக்குப் பொறுப்பு கிட் என்னும் வேறொரு மரபணு. நிறமி அணுக்கள் சென்று சேராத தோற்பகுதி வெளுத்து நிற்கிறது.

ஆண் காலிகோ மிக அரிது. எக்ஸ்எக்ஸ்ஒய் என மிகையாக ஓர் எக்ஸ் அமைந்தால்தான் பெரும்பாலும் அது பிறக்கும். 2001 டிசம்பரில் டெக்சாஸில் ரெயின்போ என்னும் காலிகோவிலிருந்து படியெடுக்கப்பட்ட (குளோனிங் செய்யப்பட்ட) சிசி என்ற பூனைக்குட்டியிடம் செம்மஞ்சளே இல்லாமற் போனதும் எக்ஸ் முடக்கத்தால்தான். அந்நிறத்துக்குரிய எக்ஸ் முடங்கிய உயிரணு ஒன்றிலிருந்து அது உருவானது.

தமிழில் ‘கள்ளிக்கோட்டைப் பூனை’ என்பது வேர்ச்சொல்லுக்கு உண்மையானாலும், பூனை அவ்வூரைச் சேர்ந்தது என்ற பொய்யான எண்ணத்தைத் தரும். ‘மூவண்ணப் பூனை’ பிழையன்று. ஆயினும் மூவண்ணம் என்றதும் தேசியக்கொடி நினைவுக்கு வருகிறது. ‘முந்நூறு’ போலப் புணர்ந்த ‘முந்நிறப் பூனை’யே பொருத்தமானது. வெண்மை இன்றியோ மிகக் குறைந்தோ இரு நிறங்களும் விரவிக் கிடக்கும் பூனையை இச்சொல்லால் குறிக்கலாகாது. அதற்கு ‘ஆமையோட்டு நிறப் பூனை’ என்று தனிப்பெயர் வழங்குவதே முறை.