நரம்பு: ஊசி ஏறுவது ஒன்றில், மரத்துப்போவது வேறொன்றில்

"ஊசி போட நரம்பே கிடைக்கல" என்றால் சென்னை வண்ணாரப்பேட்டையில் யாருக்கும் புரியும். அங்கே தேடுவது உண்மையில் சிரை. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கத்தும்போது கழுத்தில் புடைப்பதும் சிரைதான். குதிகால் நரம்போ தசைநாண். கெண்டைக்கால் தசையை எலும்போடு பிணைப்பது. மருத்துவத்தில் நரம்பு என்பது மூளையிலிருந்து 12 இணையாகவும் தண்டுவடத்திலிருந்து 31 இணையாகவும் கிளம்பும் வெண்ணிற இழைக்கட்டு. குழாய் அல்ல, ஆக்ஸான்கள் எனும் நரம்புச் செல்லின் நீண்ட இழைகள் வழியே மின்துடிப்பு போகும் பாதை. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது அசல் நரம்பு.

அதற்காகப் பேச்சு வழக்கைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. புறநானூறு 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதியவளின் தோளை "நரம்பெழுந்து உலறிய" என்கிறார். எழுந்து தெரிந்தது சிரையாகத்தான் இருக்கும். யாழின் தந்தியும் நரம்பே. கிரேக்கத்தில் 'நியூரான்' என்பதற்கும் முதற்பொருள் தசைநாண்தான். நரம்புச் செல்லுக்கு அந்தப் பெயரை ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர் சூட்டியது 1891இல்.

பெயர் குழம்பினால் கையே போகும் இடம் வெட்டுக்காயம். காசிமேட்டில் மீன் அரியும்போது கத்தி விரலின் உள்பக்கம் இறங்கினால் "நரம்பு அறுந்துபோச்சு" என்று ஓடிவருவார்கள். எது அறுந்தது? கருஞ்சிவப்பாக ஒழுகினால் சிரை, பளிச்சென்ற சிவப்பில் பீய்ச்சினால் தமனி. விரல் மடங்கவில்லை என்றால் தசைநாண். நுனி மூட்டு மட்டும் மடங்காவிட்டால் ஆழத்தில் உள்ள நாண். விரல்நுனியில் ஒரு பக்கம் தொட்டால் தெரியவில்லை என்றால்தான் நரம்பு. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே தொட்டுப் பார்த்துவிட வேண்டும். போட்ட பிறகு எல்லாமே மரத்திருக்கும். தோலை மட்டும் தைத்து அனுப்பினால், வளர வரும் ஆக்ஸான்கள் வழி தெரியாமல் சுருண்டு தொட்டாலே வலிக்கும் முடிச்சாகும். நுனிகளைச் சேர்த்துத் தைத்தாலும் நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும், மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல்நுனியை எட்ட ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

சுவரொட்டிகளில் வரும் 'நரம்புத் தளர்ச்சி' திட்டமான ஒரு நோயின் பெயர் அல்ல. கைநடுக்கம், தூக்கமின்மை, பயம் என்று எதையும் அதில் அடைத்துவிடலாம், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வரும் 'நரம்பு சுருட்டல்' நரம்பு நோயே இல்லை. காலின் சிரைகளில் உள்ள வால்வுகள் தளர்ந்து இரத்தம் கீழேயே தேங்குவதால் அவை புடைத்து நெளிகின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச்சொல்லித் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நரம்பு சுருட்டலுக்கு பி12 'நரம்பு ஊசி' உதவாது. ஓபி சீட்டு போட வேண்டியதும் நரம்பியலுக்கு அல்ல, இரத்தநாள அறுவைப் பிரிவுக்கு.