சிறுநீர்ப்பைக்கு மாத்திரை போட்டால் வாய் ஏன் வறள்கிறது?

"அம்மாவுக்கு அடிக்கடி யூரின் போகிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்காகத் தண்ணீர் குடிக்கிறார், குடித்ததும் மறுபடி பாத்ரூமுக்கு ஓடுகிறார். இதென்ன வைத்தியம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான எரிச்சல்தான்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை பிடிக்கும். நிரம்பும்போது அதன் சுவர்த் தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும், கழிக்கும்போது சுருங்க வேண்டும். பை பாதிகூட நிரம்பாத நேரத்தில் அந்தத் தசை தானாகச் சுருங்கப் பார்த்தால் சிக்கல். வெளியே போய்விட்டு வந்து வாசலில் சாவியைத் துழாவும் அந்த அரை நிமிடத்தில்தான் முட்டிக்கொண்டு வரும். சிலருக்குக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமே போதும். கிருமித்தொற்று, சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம் போன்றவை காரணமல்ல என்று பார்த்த பிறகே மருத்துவர்கள் இதற்கு 'ஓவர்ஆக்டிவ் பிளாடர்' என்று பெயர் வைப்பார்கள். 'வயசானால் அப்படித்தான்' என்று வெட்கத்தோடு மூடி மறைப்பவர்களே அதிகம். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் தனிக் கோபம் உண்டு.

தசையைச் சுருங்கச் சொல்லும் ரசாயனம் அசிட்டைல்கோலின். அது தசையிலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகளில், அதாவது அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், போய் உட்காரும். பழைய மாத்திரைகள் எல்லாம் செய்வது ஒன்றுதான்: அசிட்டைல்கோலின் வருவதற்குள் அந்த இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின், ஃபெசோடெரோடின், ட்ரோஸ்பியம் எல்லாம் இந்தக் குடும்பம். பலனில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எது வலுவானது என்று கேட்பதைவிட, எது வேறு எங்கெல்லாம் போய்த் துண்டு போடுகிறது என்று கேட்பதே சரி. ஏனென்றால் அதே இருக்கைகள் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கின்றன, குடலில் இருக்கின்றன, கண்ணில், மூளையிலும் இருக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை, வயதானவர்களுக்கு மனக்குழப்பம் எல்லாம் அங்கிருந்து வருபவை.

மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1, எம்3 என்று வகைகள் உண்டு. டாரிஃபெனாசின் சிறுநீர்ப்பையைச் சுருக்கும் எம்3 வகையைத்தான் அதிகம் நாடும். நினைவாற்றலோடு தொடர்புள்ளது எம்1 என்பதால் மூளைக்கு நல்லது. ஆனால் உமிழ்நீருக்கும் குடலுக்கும் எம்3 வேண்டுமே! அங்கே வறட்சியும் மலச்சிக்கலும் தப்புவதில்லை. 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்ஸிபியூட்டினின் கதை வேறு. விழுங்கினால் கல்லீரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது. வாயை அதிகம் வறளவைப்பது அந்தப் பொருள்தான். அதே மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் கல்லீரலின் முதல் சுற்று தவிர்க்கப்படுகிறது, வறட்சியும் குறைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரோஸ்பியம். இந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளிலும் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டால் மின்னேற்றம் பெறும், விட்டுவிட்டால் நடுநிலை. விட்ட அந்தக் கணத்தில் கொழுப்பாலான செல்சவ்வுக்குள் நழுவிவிடலாம். ட்ரோஸ்பியத்தின் நைட்ரஜனோ நான்கு கரிம அணுக்களோடு பிணைந்து கிடக்கிறது. அதன் நேர்மின்னேற்றம் நிரந்தரம், கழற்றிவைக்கவே முடியாது. எப்போதும் நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றித் தைத்தது போல் இருக்கின்றன. உள்ளே போக வேண்டுமானால் கொழுப்புச் சவ்வைத் தாண்ட வேண்டும், அது இதனால் ஆகாது. தப்பித்தவறி நுழைவதையும் அங்குள்ள ஒரு புரதப் பம்பு வெளியே தள்ளிவிடும்.

ஆனால் குடல் சுவரும் சவ்வுதானே? அங்கேயும் அதே மின்னேற்றம் வழிமறிக்கிறது. விழுங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை, வயிற்றில் சாப்பாடு இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். உள்ளே சேர்ந்ததில் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, அதாவது நேரே சிறுநீர்ப்பைக்கே வந்துசேர்கிறது. அழகான வேலை! உமிழ்நீர்ச் சுரப்பிக்கு மட்டும் மூளைக்கு இருப்பது போன்ற காவல் இல்லை. எனவே வாய் வறட்சி உண்டு.

2011இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மிராபெக்ரான், துண்டு போடும் வேலைக்கே போகாது. தசையைத் தளர்த்தும் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டிவிடும். வாய் பெரும்பாலும் வறளாது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் கட்டுப்படாத கடும் அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைத் தருவதில்லை. சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றையும் இது தடுக்கும். பின்னால் வந்த விபெக்ரானுக்கு அந்த நொதித் தொல்லை இல்லை. இரண்டுக்கும் முழுப் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகளைச் சோதித்த ஆய்வுகளில் வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கழிவறைப் பயணம் கணிசமாகக் குறைகிறது. எத்தனை முறை போனோம் என்று நோட்டில் குறித்துவைப்பதே ஒருவகைப் பயிற்சியாகிவிடுகிறது போலும். மருந்து அதற்கு மேல் சேர்ப்பது சராசரியாக நாளைக்கு ஒரு தடவைக்கும் குறைவு. அதனால்தான் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சியை முதலில் சொல்கிறார்கள். எண்பது வயதுக்காரர்களிடம் இந்த மருந்துகளை நேருக்கு நேர், ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும் ஆய்வுகள் குறைவு. தன் மருந்து தோற்கக்கூடிய பந்தயத்துக்கு எந்த நிறுவனம் பணம் கட்டும்? இதற்குப் பொதுப்பணம் வேண்டும் என்பது என் கட்சி. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை நெடுநாள் எடுப்பதற்கும் மறதிநோய்க்கும் தொடர்பு தெரிகிறது. அதுதான் காரணமா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். தண்ணீரை அடியோடு குறைக்கவும் வேண்டாம், சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலடையலாம். அவர் போடும் எல்லா மருந்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டி, வறட்சி குறைந்த மாற்று உண்டா என்று கேளுங்கள். தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளும் இதே இருக்கைகளில்தான் துண்டு போடுகின்றன. எனவே சளிக்கென்று கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.