இடைச்செயல்பாடு அல்ல, இயைந்தியங்குதிறன்

மருத்துவமனைப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டில் மறுபடியும் கண்ணில் பட்டது: ‘உடல்நலத் தரவு இடைச்செயல்பாடு’. பக்கத்தில் இருந்த மருந்தாளுநர் அதைப் படித்துவிட்டு, “எந்த மருந்தோட எந்த மருந்து சேரக் கூடாதுன்னு இதுல போடலையே சார்?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. ஒரு மருந்து இன்னொன்றின் வேலையைக் கெடுப்பதை இடைவினை என்கிறோம். வினை என்றாலும் செயல் என்றாலும் ஒன்றுதானே?

மூலச்சொல் இன்டர்ஆப்பரபிலிட்டி. லத்தீன் வேர்கள்: ‘இன்டர்’, அதோடு வேலை செய்தலைக் குறிக்கும் ‘ஒபராரி’. இரண்டு அமைப்புகள் தகவலைப் பரிமாறிக்கொள்வதும், பரிமாறியதைப் பயன்படுத்துவதும் என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ 1990-இல் தந்த வரையறையின் சாரம். உயிர் இருப்பது பின்பாதியில்.

நம் ஊர் ஆய்வகம் வெறும்வயிற்றுச் சர்க்கரையை 126 என்று எழுதும். பிரிட்டனில் அதே அளவு 7. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். வெறும் 7 மட்டும் இங்கே வந்து சேர்ந்தால் நோயாளி மயங்கிக் கிடக்கிறார் என்றுதான் தோன்றும். எண்ணோடு அலகும், எந்தப் பரிசோதனை என்பதற்கான லாயின்க் குறியீடும் சேர்ந்து வரவேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் அறிக்கை போய்ச் சேரும், ஆனால் யாராவது உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்யவேண்டும்.

இப்போது ‘இடை’க்கு வருகிறேன். இடைவேளை, இடைத்தேர்தல், இடைக்கால அரசு, இடைத்தரகர்: எல்லாமே நடுவில் வருவதைச் சொல்பவை. லத்தீன் முன்னொட்டுக்கு ‘நடுவே’ என்றும் பொருள் உண்டு, ‘ஒன்றோடொன்று’ என்றும் உண்டு. இங்கே வேண்டியது இரண்டாவது. நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவரே தேவைப்படாத நிலைக்குப் போய் ‘இடை’ என்று பெயர் வைப்பதா! தவிர, செயல்பாடு என்பது நடப்பது. இது நடக்கக்கூடிய திறன். ‘திறன்’ எங்கே போயிற்று?

‘இணைப்புத்திறன்’ என்கிறார்கள் சிலர். அது கம்பி சேர்ந்ததோடு நின்றுவிடுகிறது. பிடிஎஃப்பும் அதில் தேறிவிடும். ‘ஒத்தியங்கல்’ ஒரே நேரத்தில் இயங்குவதற்குப் போய்விட்டது. என் தேர்வு இயைந்தியங்குதிறன். இயைபுத்தொடையைப் பள்ளியில் படித்திருப்போம்: அடிகள் தனித்தனியே நிற்கும், ஈறுகள் பொருந்தும். இரண்டு மருத்துவமனை மென்பொருள்களுக்கு வேண்டியதும் அதுதான். நீளமான சொல்தான், ஆனால் கேட்டதும் விளங்கும்.

சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில், மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்குத் தரநிலைகள் வகுக்க 1987-இல் தொடங்கிய எச்எல்7 (ஹெல்த் லெவல் செவன்) அமைப்பை ‘உடல்நல நிலை ஏழு’ ஆக்கியிருந்தார்கள். நோயாளி அபாயக் கட்டத்தில் இருப்பதுபோல! அந்த ஏழு, கணினி வலையமைப்பு மாதிரியின் ஏழாம் அடுக்கு, அதாவது பயன்பாட்டு அடுக்கு. பெயரை எச்எல்7 என்றே விட்டிருக்கலாம்.